ஹருகோ சுகிமுராவின் துணைக் கதாபாத்திரங்கள்

ஹருகோ சுகிமுரா (1909–1997) ஜப்பானிய நாடக நடிகை. திரைப்படங்களில் பெரும்பாலும் துணைவேடங்களில் நடித்தவர். யசுஜிரோ ஓசு, மிக்கியோ நாரூசே, அகிரா குரோசாவா, கெய்சுகே கினோஷிதா ஆகியோரின் முக்கியமான படங்களில் இடம்பெற்றிருக்கிறார். உலக சினிமா பார்க்கத் தொடங்கும் எவரும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடும் படம் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). அதைப் பார்த்தவர்களுக்கு சுகிமுராவின் பெயர் நினைவில் இருக்காது. முகம் நிச்சயம் இருக்கும். அழகு நிலையம் நடத்தும் மூத்த மகள் ஷிகே அவர்தான். ஊரிலிருந்து வந்த பெற்றோரைச் சுமையாக நினைப்பவள், தாயின் இறுதிச்சடங்கு முடிந்த உடனே தாயின் உடைகளைக் கேட்பவள்.

படம் பார்த்துவிட்டுப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஷிகேயைத் திட்டுவார்கள், விதவை மருமகள் நோரிகோவைப் போற்றுவார்கள். அந்த வாசிப்பு தவறு என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஷிகேயைக் கெட்ட மகள் என்று ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் படத்தில் பாதி கைநழுவிப் போகும். சுகிமுரா அவளைக் கெட்டவளாக நடிக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது. அதைப் புரிந்துகொள்ள அவரது மற்ற வேடங்களும் உதவும்; குறிப்பாக அவர் மேடையில் ஏற்ற ஒரு வேடம்.

மேடை

சுகிமுரா பிறந்தது ஹிரோஷிமாவில். மரவணிகக் குடும்பம் ஒன்றில் வளர்ப்பு மகளாக வளர்ந்தார். இசை படிக்க விரும்பி டோக்கியோ இசைப்பள்ளிக்கு முயன்றார், இடம் கிடைக்கவில்லை. சிலகாலம் ஹிரோஷிமாவில் இசை ஆசிரியையாக இருந்தபின், 1927இல் டோக்கியோவின் சுகிஜி சிறு நாடக அரங்கில் சேர்ந்தார். மேலைநாட்டு நவீன நாடகத்தை ஜப்பானில் வேரூன்றச் செய்த அரங்கு அது. 1937இல் தொடங்கப்பட்ட புங்ககுசா நாடகக்குழுவில் ஆரம்பம் முதல் இருந்தார். இறக்கும்வரை அதன் மையமாக விளங்கினார். ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தின் பிளாஞ்ச் வேடம் மேடையில் அவர் பெற்ற பெரிய வெற்றிகளில் ஒன்று. யூகியோ மிஷிமா ‘ரொகுமெய்கான்’ (1956) நாடகத்தை அவரை மனதில் கொண்டே எழுதினார்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது கவோரு மொரிமொட்டோ எழுதிய ‘ஒன்னா நோ இஷ்ஷோ’ (ஒரு பெண்ணின் வாழ்க்கை). முதன்முதலில் மேடையேறியது 1945 ஏப்ரலில், டோக்கியோவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில். எழுதிய மொரிமொட்டோ அடுத்த ஆண்டே இறந்தார். சுகிமுரா அதன்பின் பல பத்தாண்டுகளில் அந்த நாடகத்தின் நாயகி கெய் வேடத்தைத் தொள்ளாயிரம் முறைக்கு மேல் நடித்தார். கெய் ஆதரவற்ற சிறுமி. ஒரு வணிகக் குடும்பத்துக்குள் வந்து சேர்கிறாள். இளைய மகனிடம் மனம் இருந்தும் குடும்பத் தொழிலுக்காக மூத்தவனை மணக்கிறாள். காலப்போக்கில் தொழில் அவள் கைக்கு வருகிறது, வீட்டினர் அவளைக் கண்டு அஞ்சத் தொடங்குகிறார்கள். கனிவான பெண் ஒருத்தி எப்படிப் படிப்படியாக இறுகிப்போகிறாள் என்பதுதான் நாடகம்.

திரையில் சுகிமுரா நடித்த பெண்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். கடைக்காரி, வட்டிக்குக் கடன் கொடுப்பவள், சம்பந்தம் பேசித் திரியும் அத்தை என இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இறுகிவிட்டவர்கள். இறுகிய கதை படத்தில் இருக்காது; பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ வந்து போவார்கள். ஆனால் அந்தக் கதை முழுவதையும் மேடையில் மூன்று மணிநேரம் வாழ்ந்து பார்த்தவர் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வருகிறார். துணைவேடத்தில் அவருக்கு இருக்கும் கனம் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

நாயகியாக நடித்த படங்களில் அவர் எப்போதும் இவ்வளவு வலுவாக இல்லை. கினோஷிதாவின் ‘மார்னிங் ஃபார் தி ஒசோனே ஃபேமிலி’ (1946) போரில் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாயின் கதை. படம் முழுவதும் அடங்கி இருந்துவிட்டு, முடிவில் ராணுவ அதிகாரியான மைத்துனர்மீது வெடிக்கும் இடத்தில் அவர் மேடையிலிருந்து பேசுவதுபோலவே பேசுகிறார். போர் முடிந்த உடனே எடுத்த படம். அன்றைக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டிருக்கலாம். இன்று பார்க்கையில் அதற்கு முந்தைய மௌனங்கள்தான் நிற்கின்றன. அதே ஆண்டு வந்த குரோசாவாவின் ‘நோ ரிக்ரெட்ஸ் ஃபார் அவர் யூத்’ படத்தில் அவருக்கு வசனம் மிகக் குறைவு. தேசத்துரோகி என்று முத்திரை குத்தப்பட்டவனின் தாயாக, வயல் சேற்றில் மருமகளோடு சேர்ந்து நாற்று நடுகிறார். மருமகளாக நடித்தவர் செட்சுகோ ஹரா. ஓசுவின் படங்களில் பின்னர் திரும்பத் திரும்ப எதிரெதிரே அமரப்போகும் இருவரும் சேற்றில் குனிந்து நிற்பதை அங்கே பார்க்கலாம்.

ஓசுவின் அத்தை

ஓசுவின் ஒன்பது படங்களில் சுகிமுரா நடித்தார். முதலாவது ‘லேட் ஸ்ப்ரிங்’ (1949). தந்தையை விட்டுப் பிரிய மனமில்லாத மகள் நோரிகோவுக்குத் திருமணம் முடித்துவைக்கும் அத்தை மாசா வேடம். தமிழ் வாசகருக்கு இந்த அத்தையை விளக்க வேண்டியதில்லை.

படத்தின் முதல் காட்சி தேநீர்ச் சடங்கு. அமைதியான அறை, பெண்கள் பட்டு கிமோனோவில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே மாசா செய்வது என்ன? கணவரின் பழைய கால்சட்டையை மகனுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துத் தர முடியுமா என்று நோரிகோவிடம் கேட்கிறாள். ஜப்பானிய அழகியலின் உச்சம் என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதும் சடங்கின் நடுவே ஒரு கிழிந்த கால்சட்டை. ஓசு படங்களில் சுகிமுராவின் இடம் அந்த முதல் நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பிறகு கமகுராவின் ஹச்சிமான் கோயிலில் அண்ணனோடு நடந்துபோகும்போது, கீழே கிடக்கும் பணப்பையை எடுத்து மடியில் செருகிக்கொள்கிறாள். நல்ல சகுனம், சம்பந்தம் கூடிவரும் என்கிறாள். போலீசிடம் கொடு என்கிறார் அண்ணன். கொடுக்கிறேன் என்கிறாள், அப்போது ஒரு காவலர் எதிரே வர, விறுவிறுவென்று படியேறிப் போய்விடுகிறாள். அரங்கம் சிரிக்கும் இடம். ஆனால் சுகிமுரா சிரிப்புக்காக எதுவும் செய்வதில்லை. மாசா உண்மையாகவே அந்தப் பையை நம்புகிறாள். மாப்பிள்ளையின் பெயர் குமத்தாரோ (‘குமா’ என்றால் கரடி). அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவள் கவலைப்படுவதும் அதே தீவிரத்தோடுதான்.

திருமண நாளன்று மணப்பெண் அறையைவிட்டுப் போன பிறகு, மாசா எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க அறையை ஒருமுறை சுற்றிவருகிறாள். அவ்வளவுதான். சில நொடிகள். காலியான அறையை ஓசு பலமுறை காட்டியிருக்கிறார், அவை புகழ்பெற்ற காட்சிகள். ஆனால் இந்த அறை காலியாகிவிட்டது என்பது பார்வையாளருக்கு உறைப்பது ஒரு பெண் காரியமாக அதைச் சுற்றிவருவதால்தான்.

‘எர்லி சம்மர்’ (1951) படத்தில் அவர் பக்கத்து வீட்டுத் தாய் தாமி. மனைவியை இழந்து குழந்தையோடு இருக்கும் தன் மகன் அகிதாவுக்கு மாற்றலாகிறான். விடைபெற வந்த நோரிகோவிடம், கோபித்துக்கொள்ளாதே என்று பலமுறை சொல்லிவிட்டு, நீ என் மகனுக்கு மனைவியாக வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டதுண்டு என்கிறாள். நடக்காத ஒன்றைச் சொல்கிறோம் என்றுதான் சொல்கிறாள். நோரிகோ அமைதியாகச் சம்மதிக்கிறாள். தாமி நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், அழுகிறாள். உடனே அன்பான் (இனிப்புப் பயறு வைத்த பன்) சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள்.

அந்தப் பன் எழுத்தில் நோடாவும் ஓசுவும் வைத்தது. ஆனால் நடிப்பில் அது நகைச்சுவைத் துணுக்காகச் சிதறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. சுகிமுராவின் தாமிக்கு வாழ்நாளில் கிடைத்த மிகப்பெரிய பரிசுக்கு ஈடாகக் கொடுக்கக் கையில் வேறொன்றும் இல்லை. அழுகையும் உபசரிப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. படத்தின் நாயகி யாரை மணப்பாள் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் இடம் இது. அந்தக் காட்சியில் ஹரா அசையாமல் இருக்கிறார், இயங்குவது சுகிமுரா மட்டுமே.

ஷிகே

இனி ‘டோக்கியோ ஸ்டோரி’. ஷிகே செய்யும் குற்றங்களின் பட்டியல் தெரிந்ததுதான். கணவர் அசகுசாவிலிருந்து வாங்கிவந்த விலைகூடிய பலகாரத்தை, இவர்களுக்கு எதற்கு இது, அரிசி பிஸ்கட்டே போதும் என்று சொல்லிவிட்டுத் தான் எடுத்துத் தின்கிறாள். செலவு குறையும் என்று அண்ணனோடு பேசிப் பெற்றோரை அத்தாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்புகிறாள். அவர்கள் சீக்கிரமே திரும்பி வந்துவிட, யார் இவர்கள் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள். இதில் கடைசியானதை எந்த விளக்கமும் மன்னிக்காது. மன்னிக்கச் சொல்லி சுகிமுராவும் கேட்பதில்லை. முகத்தில் குற்றவுணர்வின் சிறு நிழலைக் காட்டிப் பார்வையாளரின் இரக்கத்தைப் பெற்றிருக்கலாம். அவர் அதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குத் திரும்புகிறார்.

ஆனால் இன்னொரு காட்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அன்றிரவு ஷிகேயின் வீட்டில் தொழில்காரர்களின் கூட்டம் இருப்பதால் தங்க இடமில்லாமல் போன தந்தை, பழைய நண்பர்களோடு குடித்துவிட்டு நள்ளிரவில் ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு காவலர் துணையோடு வந்து சேர்கிறார். இருவரும் அழகு நிலையத்தின் நாற்காலிகளில் சாய்ந்து தூங்கிப்போகிறார்கள். எரிச்சலோடு நிற்கும் ஷிகே கணவரிடம் சொல்கிறாள்: அப்பா முன்பெல்லாம் இப்படித்தான், விருந்துகளில் குடித்துவிட்டு வந்து அம்மாவைப் பாடாய்ப் படுத்துவார், எங்களுக்கு வெறுப்பாக இருக்கும், கியோகோ பிறந்தபின்தான் நிறுத்தினார்.

சிஷு ரியூ நடித்த அந்தத் தந்தையைப் பார்வையாளர்கள் சாந்தமே உருவானவராக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் பெண் கியோகோவும் அவரை அப்படியே அறிவாள். அவள் பிறந்தபோது அவர் மாறிவிட்டார். நோரிகோ திருமணமாகி வந்தவள். அவளும் மாறிய மனிதரைத்தான் கண்டிருக்கிறாள். ஷிகே வேறொரு தந்தையிடம் வளர்ந்தவள். மூத்த மகளாக அந்த இரவுகளைப் பார்த்தவள். இதை ஓசு ஒரே ஒரு முறை, சலிப்பான குரலில் சொல்லவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சுகிமுரா அதைப் பெரிய வெளிப்பாடாகச் சொல்வதில்லை. பழைய புகார் ஒன்றை மறுபடி சொல்வதுபோல் சொல்கிறார். கவனிக்காவிட்டால் தவறிப்போகும்.

கவனித்தவர்களுக்குப் பின்னால் வரும் காட்சி வேறுமாதிரித் தெரியும். ஓனோமிச்சியில் தாயின் உடல்நிலை தேறாது, விடியும்வரை தாங்குவது கடினம் என்று மருத்துவரான அண்ணன் சொன்னதும், உடைந்து அழுபவள் ஷிகே. இறுதிச்சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது, தந்தை எழுந்து போன நேரத்தில், அப்பா முதலில் போயிருக்கலாம் என்கிறாள். கேட்பவர் திடுக்கிடும் வாக்கியம். ஆனால் இது தாயின் பக்கம் நின்று வளர்ந்த ஒரு சிறுமியின் வாக்கியமும்கூட. அடுத்து அம்மாவின் கோடைக்கால இடைப்பட்டையையும் கிமோனோவையும் நினைவுக்காகக் கேட்கிறாள். பேராசையா, நினைவா? சுகிமுரா அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாமலேயே கேட்கிறார். வாழ்க்கையிலும் அவை பிரிந்து வருவதில்லை.

புறப்படும்போதே துக்க உடையை எடுத்துவந்தவளும் ஷிகேதான். எடுத்துப்போவோம், தேவைப்படாமல் இருந்தால் நல்லது என்று அண்ணனோடு பேசி எடுத்துவைக்கிறாள். நோரிகோ எடுத்துவரவில்லை. மரணத்தை எதிர்பார்த்து உடை எடுத்துவைப்பது மனதுக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் அதை யாராவது ஒருவர் எடுத்துவைக்கத்தான் வேண்டும். முடிவில் கியோகோ அக்காவைக் குறைசொல்லும்போது நோரிகோ அதை ஏற்பதில்லை. பிள்ளைகள் வளர வளர விலகித்தான் போவார்கள், நானும் அப்படி ஆகிவிடுவேன் என்கிறாள். ஷிகே நோரிகோவின் எதிர்ப்பக்கம் என்று நினைத்துப் படம் பார்த்தவர்களுக்கு, ஷிகே நோரிகோவின் எதிர்காலமாகவும் இருக்கலாம் என்று படமே சொல்கிறது.

அதே 1953இல் தடாஷி இமாயின் ‘நிகோரியே’ வந்தது. இச்சியோ ஹிகுச்சியின் கதைகளை வைத்து எடுத்த படம். கினெமா ஜூன்போ இதழின் அவ்வாண்டுத் தேர்வில் அதற்கு முதலிடம், ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு இரண்டாமிடம். இரண்டிலும் சுகிமுரா துணைவேடம். ‘நிகோரியே’யில் அவர் ஒரு விலைமகள்மீது மயங்கி அழிந்துபோனவனின் மனைவி, அந்தப் பெண் தன் மகனுக்கு வாங்கிக்கொடுத்த கேக்கை வீசி எறிகிறாள். பலகாரத்தைத் தின்னும் பெண்ணும் எறியும் பெண்ணும் ஒரே ஆண்டில், ஒரே நடிகையிடம்.

நாரூசேயும் பிறரும்

சுகிமுராவுக்கு மையவேடம் கொடுத்து அதைத் துணைவேடம் போலவே நடிக்கவைத்தவர் நாரூசே. ‘லேட் கிரிசாந்திமம்ஸ்’ (1954) ஃபுமிகோ ஹயாஷியின் கதைகளிலிருந்து உருவானது. கின் முன்னாள் கெய்ஷா, இப்போது பழைய தோழிகளுக்கே வட்டிக்குக் கடன் கொடுப்பவள். ஒருகாலத்தில் நேசித்த ஆண் வருகிறான் என்று கடிதம் வந்ததும் தன்னை ஒப்பனை செய்துகொள்கிறாள். வந்தவன் கடன் கேட்கிறான். கின்னின் முகத்திலிருந்து எதிர்பார்ப்பு வடிவதை நாரூசே அவசரப்படாமல் காட்டுகிறார். பிறகு அவனுடைய பழைய புகைப்படத்தை எரிக்கிறாள். மறுநாள் வீடு, மனை பார்க்கக் கிளம்பும்போது ரயில் நிலைய வாயிலில் பயணச்சீட்டைக் காணாமல் தேடுகிறாள், கிடைத்ததும் போகிறாள். காதல் முடிந்ததும் சீட்டுத் தேடுவதும் அடுத்தடுத்து. ‘ஃப்ளோயிங்’ (1956) படத்தில் வயதான கெய்ஷாவாகக் குடித்துவிட்டு ஆடும் இடமும் இதற்கு நெருங்கியது.

குரோசாவாவின் ‘ரெட் பியர்ட்’ (1965) விபச்சார விடுதித் தலைவி வேடம் இவற்றோடு ஒப்பிட எளிமையானது. மருத்துவமனைச் சமையற்காரிகள் முள்ளங்கியால் அடித்து விரட்டும் காட்சி சுவையாக இருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

ஓசுவின் கடைசிப் படமான ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ (1962) படத்தில் சுகிமுராவுக்கு வசனம் சொற்பம். நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் பழைய ஆசிரியரின் மகள் தொமோகோ. தந்தையைப் பார்த்துக்கொள்வதிலேயே வயதாகிவிட்டவள், திருமணமாகாதவள். ஒருநாள் பழைய மாணவர்கள் ஆசிரியரை நிறைபோதையில் கொண்டுவந்து விடுகிறார்கள். அவர்கள் போனபின் அவள் தூங்கிவழியும் தந்தையின் அருகே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். தந்தையாக நடித்தவர் எய்ஜிரோ தோனோ. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் காவலர் கொண்டுவந்து விட்ட இரண்டு குடிகாரர்களில் ஒருவரும் இதே தோனோதான். சுகிமுராவைவிட இரண்டு வயதே மூத்தவர். அன்று ஷிகே எரிச்சலோடு நாற்காலியில் தள்ளிய ஆளுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து தொமோகோ மகளாகிறாள். ஓசு இதைத் திட்டமிட்டாரா என்பது முக்கியமில்லை. வீட்டை விட்டுப்போய்க் கடை வைத்துக்கொண்ட மகளையும், போகாமல் அப்பாவின் கடையிலேயே இருந்துவிட்ட மகளையும் ஒரே உடலில் பார்க்க முடிகிறது. இரண்டாவதைப் பார்த்தபின் முதலாமவளைத் திட்டுவது கடினமாகிறது.

பிற்காலம்

1995இல் ஜப்பான் அரசு வழங்கும் உயரிய பண்பாட்டு விருதைச் சுகிமுரா ஏற்க மறுத்தார். அதே ஆண்டு வெளியான கனேத்தோ ஷிண்டோவின் ‘எ லாஸ்ட் நோட்’ அவருக்குக் கடைசியாகக் கிடைத்த பெரிய மையவேடம். கோடைக்காலத்தில் மலைவீட்டுக்கு வரும் முதிய நாடக நடிகையாக நடித்தார். வீட்டைக் கவனித்துக்கொள்பவளாக நடித்த நொபுகோ ஒட்டோவா படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997 ஏப்ரலில், சுகிமுராவும் காலமானார்.

1961இல் புங்ககுசாவில் பயிற்சிக்குச் சேர்ந்த ஒரு இளம்பெண், சுகிமுராவுக்கு உதவியாளராக ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ படப்பிடிப்புக்குப் போய்வந்தார். பிற்காலத்தில் கிரின் கிகி என்று அறியப்பட்டவர் அவர். ஹிரொகாசு கொரே-எடாவின் ‘ஸ்டில் வாக்கிங்’ (2008) படத்தில் தாயாக நடித்தவர். தன் மகன் உயிர்கொடுத்துக் காப்பாற்றிய பையனை அந்தத் தாய் ஒவ்வோர் ஆண்டும் நினைவுநாளுக்கு வீட்டுக்கு அழைக்கிறாள். அவன் வருந்த வேண்டும் என்பதற்காகவே அழைப்பதாக இளைய மகனிடம் சொல்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் நூல் பின்னிக்கொண்டிருக்கிறாள்; கை நிற்பதில்லை.